உப்புத் தண்ணீரில் ஒரு சுவிட்ச்

தம்பியின் வலது கட்டைவிரலில் படிந்திருந்த உப்பைப் பெரியக்கா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நகத்தைச் சுற்றி இருந்த வெடிப்புகளில் அது ஊறிப்போயிருந்தது. துடைத்தால் மறைந்தது. ஈரம் காய்ந்ததும் மறுபடி வெள்ளையாகத் தெரிந்தது.

"விடுங்க அண்ணி. கல்யாணத்தன்னிக்கே போகல அது" என்றாள் தம்பியின் மனைவி. கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்திருந்தாள். அழுது தீர்ந்த குரல்.

பெரியக்கா விடவில்லை. வருகிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். இந்த வீட்டு ஆண்பிள்ளை கைகூடச் சுத்தமில்லாமல் போனான் என்று ஒருவர் வாயில் வந்துவிடக் கூடாது.

சின்னப் படகுகளுக்கான சுவிட்சுகளை அவர்கள் அப்பா காலத்திலிருந்து செய்து வந்தார்கள். ஹாரன் அடிக்க, விளக்குப் போட, உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பை ஓட்ட என்று எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி போட்ட சுவிட்ச். ஒவ்வொரு மூடியின் மேலும் அப்பா பெயரின் முதல் எழுத்து புடைத்திருக்கும். அப்பாவுக்குப் பிறகு வியாபாரத்தைப் பெரியக்கா எடுத்துக்கொண்டாள். சோதனையைத் தம்பி எடுத்துக்கொண்டான். உப்பு நீர் தெளித்தபடி இரவு பகலாகச் சுவிட்சை அமுக்கிக்கொண்டிருக்க ஓர் எந்திரம் இருந்தது. ஆனால் எந்திரம் தேறிவிட்டது என்று சொன்னதைத் தம்பியின் கட்டைவிரலும் சொன்னால்தான் பெட்டி கட்டுவார்கள். படகுத் துறையில் அவனுக்குப் பெயரே 'விரல்' என்றாகிவிட்டது. "விரல் என்ன சொல்லுது?" என்றுதான் போனில் கேட்பார்கள்.

இன்னொரு வழக்கமும் அந்த வீட்டில் உண்டு. வீட்டையும் பட்டறையையும் இணைக்கும் நடையில் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் புதிதாகச் செய்த சரக்கிலிருந்து ஒரு சுவிட்ச் கிடக்கும். சுவரில் பேட்டரி விளக்கு ஒன்று. அந்த வழியே போகிறவர்கள் யாராக இருந்தாலும் கையை விட்டு ஒரு முறை அமுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அமுக்கினால் எரியும், விட்டால் அணையும். பல் தேய்க்கப் போகிறவர்களும் அமுக்குவார்கள், சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்களும் அமுக்குவார்கள்.

"ஆரத்தி எடுப்பாங்கன்னு வந்தா, தொட்டியில கைய விடுன்னாங்க" என்று தம்பியின் மனைவி வந்த புதிதில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நேற்றுக் காலை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் தம்பி விழுந்தான். கை தண்ணீருக்குள் இருந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார் டாக்டர். "இதுக்கு முன்னாடி கை மரத்துப்போகுது, பிடி தளருதுன்னு எப்பவாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"அவனுக்கு எந்தக் குறையும் இல்ல" என்று பெரியக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள்.

வாசலில் சலசலப்புக் கேட்டது. தம்பி மனைவியின் அண்ணன் உள்ளே வந்து பெரியக்காவின் காதருகே குனிந்தான்.

"அக்கா, அந்த ரப்பர்காரன் வந்து நிக்கிறான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தான்னு தெரியல. போகச் சொல்லிடவா?"

பெரியக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா காலத்திலிருந்து மூடி வார்த்துக் கொடுத்தவர். கேட்டுக்கு வெளியே, வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. அதற்குக் காரணம் அவள்தான். போன மாதம் தம்பி முகம் சுளித்து வந்தான். "அக்கா, இந்தச் சரக்கு இறுக்கமா இருக்கு. எனக்கே இப்படின்னா, நனைஞ்சு விறைச்ச கைக்கு எப்படி அமுங்கும்?" வீட்டில் எல்லோரும் அமுக்கிப் பார்த்தார்கள். அவன் சொன்ன பிறகு எல்லோருக்கும் இறுக்கமாகத்தான் பட்டது. அவளுக்கும்தான். படகு கட்டுகிறவர்கள் நாலு பேர் நின்ற இடத்தில் வைத்து மூட்டைகளை ரப்பர்காரர் முன்னால் தள்ளினாள். "எங்கப்பா எழுத்து இருக்கிற மூடியில கலப்படம் பண்ண உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். அவர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு துறையில் யாரும் அவரிடம் வாங்கவில்லை.

"இருக்கட்டும். இன்னிக்கு யாரையும் போகச் சொல்ல வேண்டாம்" என்றாள்.

படகு கட்டுகிற பெரியவர் ஒருவர் கட்டிலருகே வந்து நின்றார். "எந்திரத்த ஏமாத்திடலாம், விரல ஏமாத்த முடியாதுன்னு சொல்லுவோம். இனிமே யார் சொன்னா நம்பறது?" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார்.

பெரியக்காவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அப்படித்தான் அவனைச் சொல்ல வேண்டும்.

தம்பியின் மனைவி யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தாள். "இந்த மாசம் பூரா எரிச்சல்தான் அண்ணி அவருக்கு. தண்ணி பாட்டில் மூடி இறுக்கமா இருக்குதுன்னு கம்பெனிக்காரன திட்டினாரு. கேட் தாழ்ப்பாள் இறுக்கமா இருக்குன்னு எண்ணெய் விட்டாரு, அதுவும் ரெண்டு தடவ. சட்டை பட்டன் ஓட்டை சின்னதா தைச்சுட்டான்னு டெய்லர்கிட்ட சண்டைக்குப் போனாரு. பழைய சட்டைங்க அது. எல்லாத்தையும் இப்ப மட்டமா செய்யறாங்க, யாருக்கும் அக்கறை இல்லன்னு..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரியக்காவின் கையிலிருந்த துணி நின்றது. தம்பியின் கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு போர்வைக்குள் மெதுவாக வைத்துவிட்டு எழுந்தாள்.

நடையில் யாரும் இல்லை. நேற்றிலிருந்து யாரும் அந்த வழியே போகவில்லை. தொட்டித் தண்ணீர் அசையாமல் இருந்தது. திருப்பி அனுப்பிய மூடிகளில் ஒன்றைப் போட்டுச் செய்த சுவிட்ச் இன்னும் அதற்குள் கிடந்தது. தம்பி அதைத் தினமும் அமுக்கி, சரியில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பெரியக்கா கையை விட்டாள். தம்பி என்ன சொன்னான் என்பதை நினைக்காமல் அமுக்க முயன்றாள்.

விளக்கு எரிந்தது.

பஞ்சு போல இருந்தது மூடி.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். முன்னறையில் துறை முழுவதும் உட்கார்ந்திருந்தது. விரலை ஏமாற்ற முடியாது என்று சொன்ன வாய்கள். நாளைக்கு அந்தப் பேச்சு அவனோடு சேர்ந்து கல்வெட்டுப் போல நின்றுவிடும். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். இந்தக் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு போனால் போதும்.

ஈரக் கையோடு வாசலுக்குப் போனாள். "உள்ள வாங்க" என்றாள் ரப்பர்காரரைப் பார்த்து.

அவர் தயங்கினார். "இங்கயே நிக்கிறேம்மா. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுவேன்."

"வாங்கன்னு சொல்றேன்ல."

தம்பி மனைவியின் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனான். ரப்பர்காரர் கட்டிலருகே நின்று கையைக் கூப்பினார். "ஓடியாடி விளையாடறப்போ பாத்த பிள்ளை" என்றார். பெரியக்கா அவரை நடைக்கு அழைத்துப்போனாள். முன்னறையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அமுக்கிப் பாருங்க."

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"பாருங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டார். விளக்கு உடனே எரிந்தது. மறுபடி அமுக்கினார். அவர் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு அவர் கட்டில் இருந்த பக்கம் திரும்பினார். போர்வைக்கு வெளியே தெரிந்த தம்பியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்குதும்மா" என்றார். "பிள்ளை சொன்னது சரிதான்."

அவர் உரக்கத்தான் சொன்னார். படகு கட்டுகிற பெரியவர் "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்பது போலப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

அவர் நீட்டியதை வாங்கிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்கு மட்டும் தெரியும். அவர் சாகும்வரை சொல்ல மாட்டார்.

"இல்ல" என்றாள். "இறுக்கமா இல்ல. மூடி நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் குடுத்திருக்கீங்க." முன்னறைப் பக்கம் திரும்பினாள். "அவன் கைக்குத்தான் முடியாம இருந்திருக்கு. எங்க யாருக்கும் தெரியல."

தம்பியின் மனைவி தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் ஏதோ மெல்ல மெல்லப் புரிந்து வந்தது. பாட்டில் மூடி, தாழ்ப்பாள், பட்டன். "ஐயோ" என்றாள், மிகச் சின்னக் குரலில்.

வண்டி வந்தது. தூக்குகிறவர்கள் சேர்ந்தபோது பெரியக்கா ரப்பர்காரரின் தோளைத் தொட்டு முன்பக்கம் நிறுத்தினாள். "வயசாச்சும்மா எனக்கு" என்றார். "பிடிச்சுக்கங்க, போதும்" என்றாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். தம்பியின் மகள் கை கால் கழுவ நடை வழியாகப் போனாள். தொட்டியருகே நின்று, கையை விட்டு, அமுக்கிவிட்டுப் போனாள். சுவரில் விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. அவள் நின்றதும் அமுக்கியதும் அவளுக்கே தெரிந்திருக்காது.

பெரியக்கா தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரலை மூடியின் மேல் வைத்தாள். அமுக்கினாள். எரிந்தது. பாதி பலத்தோடு அமுக்கினாள். எரிந்தது. அவன் விரலில் எவ்வளவு பலம் மிச்சம் இருந்திருக்கும் என்று தேடுவது போல, அதிலும் பாதி.

சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். அதற்கும் எரிந்தது.

விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மறுபடி தண்ணீருக்குள் விட்டாள். இந்த முறை அமுக்கவே இல்லை, தூங்குகிற குழந்தையின் கன்னத்தில் வைப்பது போல வைத்தாள்.

விளக்கு எரிந்தது.