இரக்கம் பிறந்த மாலை

மேரோன் மலையின் தோளில் முகில்கள் அலசிப் பிழிந்த கம்பளிபோல் காய்ந்துகொண்டிருக்க, நீலம் பூசிய குவிமாடங்களுக்கிடையே தறிகளின் ஓசை சரிந்திறங்க, சாயத் தொட்டிகளின் வழிவு சந்துதோறும் செம்மையும் கருமையுமாய்ப் பிரிந்தோட, இளவேனிற் பகலில் சஃபேத் நகரம் தன் தூய்மையைத் தானே வியந்து நின்றது. இறைவன் தன்னைப் படிப்படியாய் விரித்துக் காட்டிய பண்புகளை அறிந்தோர் அந்நகரில் பலர். அவற்றுள் ஒன்றிரண்டு தம்மிடமும் இருக்கக் கண்டோர் சிலர். அனைத்தையும் கண்டவர் ஊரின் மறையறிஞரான ஹக்காம் எலியாக்கிம் ஒருவரே.

பாஸ்காத் திருநாளுக்கும் மறை அருளப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட நாற்பத்தொன்பது நாள்களையும், மாலைதோறும் வாழ்த்துரை கூறி எண்ணுவது ஊர்வழக்கம்; அவர்களுக்கு நாள் பிறப்பது அந்தியில். வாரத்துக்கொரு பண்பு: முதலில் அன்பு, அடுத்தது கண்டிப்பு, மூன்றாவது இரக்கம், பிறகு மற்ற நான்கு; ஒவ்வொரு வாரத்துள்ளும் அவ்வேழும் நாளுக்கொன்றாய் மீண்டும் சுழலும். பிறர் நாள்களை எண்ணித் தத்தம் குறைகளை எண்ணிப் பார்த்தனர். எலியாக்கிமோ அட்டவணையாகவே வாழ்ந்தார். அன்பு வாரத்தில் தெருநாயும் அவர் கையால் தேன் தடவிய புளியா அப்பம் உண்டது. கண்டிப்பு வாரத்தில் அதே நாய் அவர் கைத்தடியை உண்டது. முப்பது ஆண்டுகளாய் ஒரு மாலையும் வாழ்த்துரை பிசகாதவர் என்னும் புகழை அவர் அடக்கத்தோடு நாள்தோறும் நினைவூட்டி வந்தார்.

ஒன்பதாம் நாள் நண்பகலில், சாயக்காரன் ஷெம்தோவின் மனைவி ரெய்னா தலைத்துணி நழுவ ஓடிவந்தாள்.

"ஹக்காமே, எம் புருஷனுக்கு வயிறு கல்லா இறுகிக் கெடக்கு. திபேரியா மருத்துவர்கிட்ட கொண்டுபோகணும். உங்க கோவேறு கழுதைய ஒருநாள் குடுங்க!"

"வந்த நாளைப் பாத்தியாம்மா? கண்டிப்புக்குள்ள கண்டிப்பு! நேத்து வந்திருந்தா கண்டிப்புக்குள்ள அன்பு. சேணத்தோட குடுத்திருப்பேன்."

"நேத்து அவரு நல்லாத்தானே இருந்தாரு!"

"அதுக்கு நான் என்ன பண்ண? பொழுது சாயட்டும், கண்டிப்புக்குள்ள இரக்கம் பொறக்கும். எண்ணி முடிச்ச கையோட அனுப்புறேன்."

"கழுதைக்கு நாளும் கெழமையும் தெரியுமா, ஹக்காமே?"

"எனக்குத் தெரியுதே!"

சொன்ன சொல் தவறாதவர் அவர். அந்தியில் எண்ணி முடித்ததும் கோவேறு கழுதை, கழுத்துமணி குலுங்க, ஷெம்தோவின் வாயிலில் வந்து நின்றது. அவன் இறந்து ஒரு நாழிகை ஆகியிருந்தது.

மறுநாள் அடக்கம் நடந்தது. ரெய்னா கிழித்த உடையோடு ஏழு நாள் துயர்காக்கத் தரையில் அமர்ந்தாள். எண்ணிக்கையின் பதினான்காம் நாள் கதிரவன் மறைந்ததும், இரக்க வாரத்தின் வாயில் திறந்த அக்கணமே, புதிய நாளை எண்ணி முடிக்கவும் பொறாமல், கண்ணீரை முன்கூட்டியே வரவழைத்துக்கொண்டு எலியாக்கிம் மாணவர் புடைசூழ வந்தமர்ந்தார். துயருற்றவர் வாய்திறக்குமுன் வந்தவர் பேசலாகாது. ஆகவே எல்லோரும் அவர் கண்ணீரையே பார்த்திருந்தனர்.

ரெய்னா கேட்டாள்: "ஹக்காமே, இன்னைக்கு எத்தனாவது நாளு?"

எண்ணுமுன் எவரேனும் இவ்வாறு கேட்டால், 'நேற்று இத்தனை' என்று மட்டுமே விடையிறுப்பர்; அன்றைய எண்ணை வாய்விட்டுரைத்தால் வாழ்த்துரையின்றியே எண்ணியதாகிவிடும், அன்றைய வாழ்த்துரை பறிபோகும். இதைப் பால்குடி மறந்த பிள்ளைகளும் அறியும், ரெய்னாவும் அறிவாள்.

"இன்னைக்குப் பதினஞ்சாவது நாளும்மா!" என்று உருகினார் எலியாக்கிம். "இரக்க வாரம் பொறந்துருச்சு. மொத ஆளா உன்கிட்டதான் ஓடியாறேன்!"

"எண்ணிட்டாரு," என்றாள் மூலையிலிருந்த நாத்தனார் ஃப்ளோர், இழவு வீட்டிலும் சிரிப்பை அடக்கமாட்டாமல்.

"முப்பது வருசமாச்சே, ஹக்காமே," என்றாள் ரெய்னா, கண் இமைக்காமல். "ஒரு நாழி பொறுத்து வந்திருக்கக் கூடாதா?"

ஷெம்தோவுக்காகக் கசங்காத அவர் மேலங்கி அக்கணமே மார்புவரை கிழிந்தது. மாணவர் அவரைத் தாங்கிச் சென்று, அவர் இல்லத்துத் தரையில் கிடத்தினர். இழந்த வாழ்த்துரைக்கு ஆறுதல் கூற இழவு வீட்டு உணவான அவித்த முட்டையும் பருப்பும் ஏந்தி நகரமே அங்குத் திரண்டது. அவற்றைத் தொடாமல் நோன்பிருந்த அவர் முகத்தின் ஒளியைப் புலவர் இருவர் பாடினர். விடியலில், இறந்தவனுக்காக இறைபுகழ் ஓதப் பத்து ஆடவர் வேண்டியிருந்த ரெய்னாவின் கூடத்துக்கு மூவரே வந்தனர். அவருள் ஒருவர் வழி தவறி வந்தவர். ஓதுதல் நடைபெறவில்லை. இறைவன் படிப்படியாய் வெளிப்படுகிறான் என்று அம்மலைநகரத்தார் இன்றும் ஓதுகின்றனர்; அது மெய்யாகவே இருக்கட்டும். மாந்தர்க்கோ அத்தனை படிகள் வேண்டியிருப்பதில்லை. ஒரே மாலையில் முழுதும் வெளிப்பட்டுவிடுகிறார்கள்.