படம் மாட்டும் கயிறு

தார்ப்பாய் மூன்று பிடிக்கு மேல் அசையக் கூடாது. ஹிண்டாவின் தார்ப்பாய் ஐந்து பிடி அசைந்தது.

நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம்தான் ஒரு பிடி. கூடாரப் பண்டிகைக்கு யூதர்கள் கட்டும் குடிலில் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. பத்துப் பிடி உயரமாவது சுவர் இருக்க வேண்டும். சாதாரணக் காற்றுக்கு அந்தச் சுவர் மூன்று பிடி நகர்ந்தால் அது சுவரே இல்லை. சுவர் இல்லாவிட்டால் குடில் இல்லை. குடில் இல்லாவிட்டால் நாளை மதியம் தம்பி ஸெலிக் அவளோடு உட்கார்ந்து ஒரு வாய் ரொட்டி தின்ன மாட்டான்.

பத்தொன்பது வருடங்களாகத் தின்றதில்லை.

டுலூத் நகரத்துப் பெரிய ஏரியைப் பார்த்த மேட்டில் அவள் வாடகைக்கு இருக்கும் மாடி வீடு. பின்பக்கம் கூரையில்லாத மரத்தளம். இரும்புக் குழாய்களை நட்டு, ஒவ்வொன்றின் அடியையும் மணல் நிரப்பிய வாளியில் நிறுத்தி, மூன்று பக்கம் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தாள். நாலாவது பக்கம் வீட்டுச் சுவர். மேலே தேவதாருக் கிளைகள். பதினேழு வருடங்களாக இதே குடில்தான். தார்ப்பாய் அசைகிறதா என்று இதுவரை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் இருந்தது.

போன வாரம்தான் ஸெலிக் கூப்பிட்டான். அவன் ப்ரூக்ளினில் இருக்கிறான். உணவு ஆலைகளுக்குப் போய், மத விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பது அவன் வேலை.

"அக்கா, உங்க ஊர்ப் பக்கம் ஒரு மாவு ஆலை. பண்டிகைக்கு நடுவுலயே போயாகணும், தள்ளிப்போட முடியல. புதன்கிழமை மதியம் உன்னை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறேன்."

"சாப்பிடவும் வாடா."

"அது... இந்த வாரம் குடில்லதான் ரொட்டி சாப்பிடணும். பரவாயில்ல, கார்ல ஒரு ஆப்பிள் வெச்சிருப்பேன்."

"என்கிட்ட குடில் இருக்கு."



"உன்கிட்டயா?"

"ஏன், எங்கிட்ட இருக்கக் கூடாதா?"

"என்ன சுவர்?"

"தார்ப்பாய்."

"அசையுமே அக்கா. மூணு பிடிக்கு மேல அசைஞ்சா..." பாதியில் நிறுத்திக்கொண்டான். "சரி விடு. வந்து பார்க்கறேன்."

வந்து பார்க்கிறேன் என்றால் அவன் பார்ப்பான். அதுதானே அவன் பிழைப்பு.

ஹிண்டாவின் பிழைப்பு காற்று. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று பெரிய கட்டடங்களுக்குள் காற்றை ஓட்டும் குழாய்களைப் பழுது பார்க்கிறவள். காற்று எங்கே முட்டும், எங்கே திரும்பும் என்று கையை நீட்டிச் சொல்லிவிடுவாள். அவளுக்கே இந்தத் துணி அடங்கவில்லை.

முதலில் அடியோரத்தில் செங்கல்களைக் கட்டினாள். ஓரம் நின்றது, நடுவயிறு கப்பல் பாய் மாதிரி உப்பியது. காற்று வெறுமனே தள்ளுவதில்லை, தாண்டிப் போகும்போது மறுபக்கத்தை இழுக்கவும் செய்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் மாறி மாறி வருவதால்தான் துணி படபடக்கிறது. சரி, வயிற்றை அமுக்குவோம் என்று நாலு மூலையிலும் முறுக்கி இறுக்கினாள். அந்த இழுப்பு முழுவதும் குழாய்க்குப் போய், ஒரு குழாய் தன் வாளியோடு எழும்பியது. அடுத்தது, விளம்பரப் பதாகைகளில் வெட்டுவார்களே, அந்த மாதிரிப் பிறை பிறையாகப் பன்னிரண்டு இடத்தில் வெட்டி விட்டாள், காற்று ஊடே போகட்டும் என்று. காற்று போனது. போகும்போது விசிலும் அடித்தது.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. வீட்டுக்காரர் ஆர்விட் காபிக் கோப்பையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா ஹிண்டா, கப்பல் எதுவும் கிளம்புதா?"

"இன்னைக்குக் கிளம்பல ஆர்விட். ஒரு பலகை வெச்சு ஆணி அடிச்சிட்டா நின்னுடும்."

"என் தளத்துல ஆணி விழுந்தா நானும் விழுந்துடுவேன். ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு." ஒரு வாய் காபி குடித்தார். "இத்தனை வருஷமா இது ஆடிக்கிட்டுதானே இருக்கு? இப்ப மட்டும் என்ன?"

"என் தம்பி வர்றான்."

"ஓ," என்றார் ஆர்விட். அவருக்கும் ஒரு தம்பி இருந்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

இணையத்தில் தேடினாள். விறைப்பான சுவர்ப் பலகைகள் விற்கும் கடைகள்தான் வந்து விழுந்தன. வந்து சேர ஐந்து நாள் ஆகுமாம். தம்பியையே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இரண்டு முறை கைபேசியை எடுத்து இரண்டு முறையும் வைத்துவிட்டாள். அவன் சொல்லிக் கொடுத்துக் கட்டினால் அது அவன் குடில். அவனைத் தன் குடிலுக்குத்தான் அழைத்திருந்தாள்.

அவள் மதத்தை விட்டது சண்டை போட்டு அல்ல. இருபத்திரண்டு வயதில் ஒரு காலை, பிரார்த்தனையின் நடுவில், தான் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓய்வுநாள் போனது, உணவு விதிகள் போயின, வீடும் ஊரும் போயின. போனது எதற்கும் அவள் ஏங்கவில்லை. இலையுதிர்காலம் வரும்வரை. அந்த முதல் வருடம் சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஏனென்று தெரியாமல் வெளியே நாற்காலியைப் போட்டு, மழைக்கோட்டோடு உட்கார்ந்து குடித்தாள். மறு வருடமும் அப்படியே. மூன்றாம் வருடம் நாலு குழாய் வாங்கினாள்.

செவ்வாய் பிற்பகல். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று குடிலுக்குள் வந்து உட்கார்ந்தாள். கிளைகளின் வழியே வெயில் புள்ளி புள்ளியாக மேசைமேல் விழுந்தது. தேவதாரு வாசனை. இந்த வாசனைக்கு மட்டும் அவளுக்கு வயது ஏறுவதே இல்லை. ப்ரூக்ளின் முற்றத்தில் அப்பா கட்டும் குடில், கடை வாசலில் கழற்றிப் போட்ட பழைய கான்வாஸ் பந்தல் துணியால் ஆனது. மூன்று தெருவுக்கும் கேட்கிற மாதிரிப் படபடக்கும். அம்மா கோசு இலையில் இறைச்சி பொதிந்து, வேகவைத்துச் சட்டியோடு கொண்டுவருவாள். ரொட்டியில் தேன் தடவுவார்கள். தேனுக்குக் குளவி வரும், ஸெலிக் மேசைக்கு அடியில் போய்விடுவான். மழை தூறினால் சூப்பில் தண்ணீர் கூடும். அப்பா கிண்ணத்தைப் பார்த்து, "அம்மா செஞ்சதைவிட நிறைய இருக்கே," என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள்.

எப்படியும் அலங்காரமாவது செய்வோம் என்று பெட்டியைத் திறந்தாள். வண்ணக் காகிதச் சங்கிலி, பிளாஸ்டிக் திராட்சைக் குலைகள். மற்ற வருடங்களில் இவற்றைக் குழாய்களில் சுற்றிவிடுவாள். இந்த முறை சின்ன வயதுக் குடில் மாதிரியே இருக்கட்டும் என்று துணி காயப்போடும் கயிற்றுச் சுருள் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். அப்பா கட்டுவாரே, படம் மாட்டும் கயிறு. அவளும் ஸெலிக்கும் அதற்கு வைத்த பெயர் அது. துணிச் சுவருக்கு உள்பக்கம் சுற்றிலும் கயிறு ஓடும். அவர்கள் வரைந்த படங்களைக் கிளிப் போட்டு அதில் மாட்டுவார்கள்.

இடுப்புயரத்தில் ஒரு கயிற்றை, குழாய்க்குக் குழாய் இழுத்துக் கட்டினாள். அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று. கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் பக்கம் குனிந்து முடிச்சுப் போட்டவள் அப்படியே நின்றாள்.

இவ்வளவு கீழே எதற்குக் குனிகிறோம்?

அப்பா இங்கே கட்டினார். அந்தக் கடைசிக் கயிற்றில் தடுக்கி எத்தனை முறை விழுந்திருக்கிறாள். கணுக்காலுக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளை படம் மாட்டும்? கயிறுகள் இடுப்புக்குமேல் போகாததற்குக் காரணம், பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும் என்ற அப்பாவின் அன்பு என்றே நினைத்திருந்தாள். ஆனால் கட்டும்போது அவர் பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்ததே இல்லை. தன் கையைத்தான் பார்த்தார். தரையிலிருந்து ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்றாவது பிடி முடிவதற்குள் கயிறு. அங்கிருந்து மறுபடி ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்றாவது முடிவதற்குள் அடுத்த கயிறு.

ஹிண்டா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

அவர்கள் குடிலும் ஆடியது. மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஆடியது. எதிலும் நூல் பிசகாத அப்பா, அந்தத் துணியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

எழுந்து கயிறுகளை எல்லாம் அவிழ்த்தாள். புதிதாக அளந்தாள். அவள் கை சிறியது, அப்பாவுடையதும் ஸெலிக்குடையதும் பெரியவை. யார் பிடி சரி என்று தர்க்கம் வந்தால்? இடைவெளிக்குச் சின்னக் கை, உயரத்துக்குப் பெரிய கை என்று வைத்துக்கொண்டாள். அப்படி வைத்தால் எந்தக் கையால் அளந்தாலும் தவறாது. இருபது சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஐந்து கயிறு, தரையிலிருந்து ஒரு மீட்டர். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினாள். வாசலில் மட்டும் கழற்றி மாட்டக் கொக்கி. வீட்டுச் சுவர் பக்கத்தில் சுவரே இருக்கிறது.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு மேலே பார்த்தவளுக்கு இன்னொன்று நினைவு வந்தது. "ஐயோ" என்றாள். ஏணியைக் கொண்டுவந்தாள்.

புதன்கிழமை மதியம் ஸெலிக் வந்தான். தாடியில் நரை. கறுப்புக் கோட்டின் தோளில் கொஞ்சம் மாவு. கையில் பை. அக்காவைப் பார்த்து, "இளைச்சிட்ட," என்றான்.

"நீ ரெண்டு பேர் ஆயிட்ட."

சிரித்தான். சிரித்துக்கொண்டே அவன் கண் அவள் தோளுக்கு மேலாகக் குடிலுக்குப் போனது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, பன்னிரண்டு பிறைகளும் விசிலடித்தன. அவன் முகத்தில் ஒரு தயக்கம் வந்து நின்றது. பைக்குள் ஆப்பிள் இருக்கும் என்று ஹிண்டாவுக்குத் தெரியும்.

"உள்ள வா," என்றாள். கொக்கிகளைக் கழற்றி, அவன் நுழைந்ததும் மாட்டினாள்.

ஸெலிக் கயிறுகளைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான். முட்டி போட்டு, தரையிலிருந்து கையை வைத்து அளந்துகொண்டே மேலே வந்தான். அடுத்த பக்கம் போனான். மூன்று பக்கமும் அளந்தான். ஒரு கயிற்றைத் தட்டிப் பார்த்தான், அது தந்தி மாதிரி அதிர்ந்தது. அவள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"போட்டிருந்தா நீ கட்டினதா ஆகியிருக்கும்."

அவன் நிமிர்ந்து கிளைகளைப் பார்த்தான். "கேக்கறேன்னு கோச்சுக்காதே. எது முதல்ல? கூரையா, கயிறா?"

"கூரை. கயிறு நேத்துதான் கட்டினேன். சுவர் வர்றதுக்கு முன்னாடி போட்ட கூரை செல்லாதுன்னு ஏணியை வெச்சு ஒவ்வொரு கிளையா தூக்கி மறுபடி வெச்சேன். அறுபத்திரண்டு கிளை. தோள் போச்சு."

ஸெலிக் நாற்காலியை இழுத்தான். உட்காரவில்லை. பிளாஸ்டிக் திராட்சை தொங்கிய இரண்டாவது கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு வயசுல நீ ஒரு திமிங்கிலம் வரைஞ்சியே. பல்லெல்லாம் வெச்சு."

"யோனா தீர்க்கதரிசியை முழுங்கினது."

"அப்பா அதை பிளாஸ்டிக் உறையில போட்டு வெச்சிருந்தார். நீ போனப்புறமும் வருஷா வருஷம் ரெண்டாவது கயித்துலதான் மாட்டுவார். யாரும் பேச மாட்டோம். அவர் போனப்புறம் நான் மாட்டறேன். என் பசங்க அது நான் வரைஞ்சதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. கேவலமா வரைஞ்சிருக்கேன்னு சிரிக்கறாங்க."

"சொல்லேண்டா யார் வரைஞ்சதுன்னு."

"சொல்றேன்," என்றான். நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த வருஷம் சொல்றேன்."

அவள் காகிதத் தட்டுகளையும், கடையில் அவனைப் போன்றவர்கள் சான்று கொடுத்த முத்திரை பார்த்து வாங்கிய, பிரிக்காத மத்தி மீன் டப்பாவையும் தேன் புட்டியையும் வைத்தாள். உணவு விதி பார்க்காத தன் சமையலறையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. ரொட்டி அவன் கொண்டுவந்தது. அவன் கைகழுவி, ஆசி சொல்லி, பிட்டு நீட்டினான். அவள் ஆமென் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. ரொட்டியை வாங்கித் தேனில் தோய்த்தாள்.

"நம்பாம எதுக்கு அக்கா வருஷா வருஷம் கட்டற?"

"அம்மாவோட சூப்பு வீட்டுக்குள்ள உட்கார்ந்து குடிச்சா அந்த ருசி வர மாட்டேங்குது. அப்புறம், வருஷம் பூரா காத்தைக் குழாய்ல அடைக்கறேன், ஒரு வாரமாவது அது இஷ்டத்துக்கு உள்ள வரட்டுமே."

அவன் வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டினான். ஏரியிலிருந்து பெருங்காற்று ஒன்று மேடேறி வந்தது. தார்ப்பாய் உள்ளே உப்பி அவன் தொப்பியைத் தட்டிவிட்டது. ஸெலிக் எட்டிப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் அவளைச் சீண்டும் அதே குரலில் கேட்டான்:

"அக்கா, சுவர் அசையுதே!"

"அசையறது துணிடா. துணி வெறும் திரை," என்றாள் ஹிண்டா, டப்பாவைத் திறந்துகொண்டே. "சுவர் கயிறு. ஒரு கயித்துக்கும் அடுத்த கயித்துக்கும் நடுவுல மூணு பிடிக்குக் குறைவா இருந்தா, அந்த இடைவெளியும் அடைச்ச மாதிரிதான். தரையிலேருந்து பத்துப் பிடி உயரம் வரைக்கும், சுத்தி அஞ்சு கயிறு, இறுக்கமா. அவ்வளவு போதும்."