கை தவறிய கைதட்டல்

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வேலை மும்முரத்தில் போன் முனகினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமனார் கையில் கட்டியிருந்த வாட்ச்சோ, அவர் நாலு எட்டு வைத்தாலே அவளுக்குச் சேதி அனுப்பிவிடும். 'மாமா நடக்கிறார்! உற்சாகப்படுத்துங்கள்!' லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, கீழே தெரியும் கை படத்தில் ஒரு தட்டு தட்டுவாள். சேதி மறைந்துவிடும். தொல்லை விட்டது என்று வேலையைப் பார்ப்பாள்.

ஏற்பாடு கணவனுடையது. அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. நடக்காவிட்டால் முட்டி இறுகிப்போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மாமனாரோ நாற்காலியை விட்டு அசையமாட்டேன் என்று அடம்பிடித்தார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், அவரை யார் அதட்டுவது? மருமகளோடு பேசுவதே அபூர்வம். பாராட்டு என்பது அவர் வாயில் வராத சமாசாரம். நூற்றுக்கு நூறு வாங்கிய பையனிடமே "கையெழுத்து கோணல்" என்று சொன்ன புண்ணியவான்.

அப்படிப்பட்டவர் திடீரென்று வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். காலையில் நடந்தார், சாயங்காலமும் நடந்தார். மாத்திரை வேலை செய்கிறது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல், அந்தச் சேதியே வராதபடி அணைத்து வைத்தாள். வீட்டுக்கு வந்தால், மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன மாமா, நடக்கலையா?"

"நடந்து என்ன ஆகப்போகுது? தினமும் கையில வாட்ச் துடிக்கும், மருமக கைதட்டினான்னு வரும். இன்னைக்கு நீ தட்டவே இல்லையே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கை, சேதியை விரட்டும் பொத்தான் இல்லையா! பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அது கைதட்டல்னே எனக்குத் தெரியாது."

"அப்போ அத்தனையும் கை தவறினதா?" அவர் முகம் சுண்டிப்போனது.

அவளுக்குப் பாவமாக இருந்தது. பையைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் படபடவென்று தட்டினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"இது தவறலை மாமா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தம் பத்தலை," என்றபடி எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவள் அணைத்து வைத்த சேதியைத் திரும்பப் போட்டாள்.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர், ஃபிரேம் கோணல் என்று கடையே அதிரக் கத்திவிட்டுப் போனார். முதலாளி தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தார். அவள் கண் கலங்கக் குனிந்திருந்தபோது போன் முனகியது.

'மாமா உங்களுக்குக் கைதட்டியிருக்கிறார்.'

எதற்கு? காலையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து கடைவரை நடந்ததற்காம்; அவள் நடையையும் போன் எண்ணி அவர் வாட்ச்சுக்குச் சேதி அனுப்பியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளே தெரியாது. அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வாட்ச்சில் அந்தச் சின்னக் கை எங்கே இருக்கிறது என்று துழாவி அழுத்தியிருக்கிறார். கை தவறியிருக்க வாய்ப்பே இல்லை.