மரியாதை அளவு

எங்கள் ஊரில் குண்டானவர்களே கிடையாது. நம்பாதவர்கள் கடைவீதி முனையிலிருக்கும் கல்யாண உடுப்புக் கடையில் தைத்த எதையும் புரட்டிப் பார்க்கலாம். உள்பக்கம் வெள்ளை நாடாவில் சிவப்பு நூலால் இடுப்பளவு போட்டிருக்கும். முப்பத்தாறைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. மணப்பெண்கள் இருபத்தாறோடு நின்றுவிடுவார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கடை துணியால் ஓடவில்லை, நாடாவால் ஓடியது. முதலாளியை ஊரே கோட்டு மாமா என்று கூப்பிடும். டேப்பைச் சுற்றியதும், சோபாவில் உட்கார்ந்திருக்கும் உறவுக் கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி ஓர் எண்ணைச் சொல்லுவார். டேப்பில் இருப்பதைவிட அது எட்டு குறைவு; நாடாவில் ஏறுவதும் அதுதான். வெட்டும்போது எட்டைக் கூட்டிக்கொள்வார். இந்த எட்டு அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். வீட்டு மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை நிர்வாகம் படித்தவர். என்ன நிர்வாகம் என்று கேட்டால் 'பொதுவா' என்பார். கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, அதன் முன்னால் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோட்டு மாமா கண் ஆபரேஷனுக்காக மனைவியோடு வெளியூர் போயிருந்த சமயத்தில்தான் நகராட்சித் தலைவர் மகளின் கல்யாண ஆர்டர் வந்தது. தலைவருக்கு ஒரு கோட்டு, சம்பந்திக்கு ஒரு கோட்டு. பெரிய மனிதர்களை நிற்க வைத்து அளப்பது மரியாதைக் குறைவு என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அவர்களுடைய பழைய கோட்டுகளை வரவழைத்தார், நாடாவைப் படித்தார், தையல்காரரிடம் அதே எண்ணில் வெட்டச் சொன்னார். இதற்கு அவர் வைத்த பெயர் 'சிஸ்டம்'.

கல்யாண வரவேற்பன்று மாலை, கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பிய கோட்டு மாமாவை மண்டபத்து உடை மாற்றும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தலைவர் கோட்டுக்குள் கைகளை நுழைத்துவிட்டிருந்தார். பொத்தானும் துளையும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல விலகி நின்றன. பழைய கோட்டோ கடையிலேயே கிடந்தது.

"ஏன்யா, துணி சுருங்கிடுச்சா?" என்றார் தலைவர்.

"சுருங்க சான்ஸே இல்ல சார்," என்றார் மாப்பிள்ளை. "உங்க பழைய கோட்டுல முப்பத்தி நாலு. இதுவும் முப்பத்தி நாலு. அப்போ மாறினது என்னன்னு பாத்தா..."

கோட்டு மாமா மருமகனின் காலை மிதித்தார். நாடா பொய் என்று இந்த அறையில் ஒரு சொல் விழுந்தால், விடிவதற்குள் ஊர் முழுவதும் டேப்பும் கையுமாக இருக்கும். விடிந்ததும் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"காத்துதான் மாறிடுச்சு தலைவரே. ஈரம் ஜாஸ்தி. இந்தத் துணி ஈரத்துக்கு இழுக்கும்."

"அதானே பாத்தேன். நான் அப்படியேதான் இருக்கேன்."

"ஆமா, ஊர் ஈரமெல்லாம் இவர் வயித்துலதான் வந்து இறங்குது," என்றார் தலைவரின் மனைவி, கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தபடி.

கோட்டு மாமா கத்தரிக்கோலை எடுத்தார். கோட்டின் முதுகைக் கழுத்திலிருந்து அடிவரை ஒரே கிழியாகக் கிழித்தார். இரண்டு பாதிகளையும் சட்டையோடு சேர்த்து ஊக்கு குத்தினார். முன்பக்கம் பொத்தான் போட்டாயிற்று.

"சுவரை விட்டு நகராதீங்க தலைவரே. அவ்வளவுதான்."

பிறகு கத்தரிக்கோலோடு சம்பந்தியின் அறைக்குப் போனார்.

தலைவர் வாசல் சுவரில் முதுகைப் பதித்து நின்றார். குனியவில்லை, திரும்பவில்லை, யாரையும் எதிர்கொண்டு போகவில்லை. கமிஷனர் வந்தபோதும் அசையவில்லை. "என்ன கம்பீரம் பாருங்க. பதவி வந்தா இப்படி நிக்கணும்," என்று ஊர் மெச்சியது. கம்பீரத்துக்கு முதுகு வேண்டியதில்லை என்பது அன்று நிரூபணமாயிற்று.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியும் சுவரைத் தேய்த்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"சம்பந்தி, உங்களுக்குமா?" என்றார் தலைவர், உதட்டை அசைக்காமல்.

"ஈரம்," என்றார் சம்பந்தி.

புகைப்படக்காரர் இருவரையும் கட்டிப்பிடிக்கச் சொன்னார். இருவரும் சேர்ந்து முறைத்தார்கள்.

மறுவாரம் தலைவர் கடைக்கு வந்து கதவைச் சாத்தினார். கடையின் ஆயுசு முடிந்தது என்று கோட்டு மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஈரத்தைக் கணக்குல வெச்சு ஒரு கோட்டு தைக்கணும்," என்றார் தலைவர். "தாராளமா தைங்க. ஆனா நாடாவுல முப்பத்தி ரெண்டு போதும். சம்பந்திக்கு என்ன போடறீங்களோ, அதுக்கு ஒண்ணு கம்மியா போடுங்க."

அவர் போனபிறகு மாப்பிள்ளைக்கு எட்டின் ரகசியத்தைச் சொல்லியே ஆகவேண்டியதாயிற்று. மாப்பிள்ளை அதிர்ச்சியடைவார், நேர்மையைப் பற்றிப் பேசுவார் என்று மாமனார் பயந்தார். அவரோ உடனே கம்ப்யூட்டரில் 'மரியாதை அளவு' என்று புதிதாக ஒரு கட்டம் திறந்து, எட்டு எட்டாகக் கழித்து நிரப்ப ஆரம்பித்தார். இதுவும் சிஸ்டம்தான் என்றார்.

பாதியில் அவர் விரல் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்டுக்கொள்வதெல்லாம் இந்தக் கடையில் தைத்ததுதான்.

"மாமா, என்னோடது முப்பதுதானே?"

"அதுல என்ன மாப்பிள்ளை சந்தேகம்," என்றார் கோட்டு மாமா. "நீங்க வீட்டு ஆளு."

மாப்பிள்ளை நிம்மதியாக அடுத்த பெயருக்குப் போனார்.