நிலத்தின் அளவு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு மருதையனின் வயலில் அறுவடை மிஷின் சும்மா நின்றது. ஒரு கதிர் பாக்கியில்லாமல் அறுத்து முடித்தாகிவிட்டது. டிரைவர் ராஜ்குமார் மிஷினின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். அடுத்த வயலுக்குப் போக அவனுக்கு அனுமதியில்லை. பகல் மூன்று மணிவரை மருதையனுக்கு ஒதுக்கிய நேரம் என்று செல்போன் சொன்னது. செல்போன் சொன்னால் சொன்னதுதான். வரிசையில் யாரும் முந்தக்கூடாது என்று அப்படி ஒரு பூட்டைப் போட்டவளே அஃப்ரீன்தான்.

செல்போனில் மிஷின் வரிசை போடுகிற அந்தச் செயலியை வடிவமைத்தவள் அவள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும், தொடுகிறவர் எந்த இடத்தில் திணறுவார் என்றெல்லாம் யோசித்து வரைகிற வேலை. கூத்தாநல்லூரில் துணிக்கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தாவுக்கு இதைப் புரியவைக்க மூன்று வருடமாக முயன்று தோற்றுவிட்டாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல கட்டம் போடுது" என்று சொல்லி அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

தஞ்சாவூரில் பரணிதரனின் நிறுவனத்தில் அவள் சேர்ந்தபோது, "டெல்டாப் பொண்ணு, விவசாயிகளப் பத்தி நாம சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல" என்று அவர் எல்லோரிடமும் பெருமையடித்தார். துணிக்கடை வீட்டில் வளர்ந்தவளுக்கு வயல் என்றால் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பச்சை, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்காது என்ற பயம்.

இப்போது அவளைப் படம் பிடிக்க அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை ஒரு பெரிய நிறுவனத்தார் தஞ்சாவூருக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இந்தச் செயலி ஐந்து மாவட்டங்களுக்குப் போகும், அஃப்ரீன் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைவியாவாள். சிரித்த முகத்தோடு நாலு விவசாயிகள் வேண்டும் என்று பரணி கேட்டிருந்தார். மருதையன் நன்றாகத்தான் சிரித்தார்.

"ஒன்பது ஏக்கரையும் மூணு மணி நேரத்துல அறுத்து முடிச்சிட்டாங்களாய்யா?" என்று அவள் கேமராவைப் பிடித்தபடி கேட்டாள்.

"ஒன்பது ஏக்கர் இருந்தா நான் ஏம்மா இப்புடி நிக்கிறேன்? என்னுது ஒன்பது மா."

மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். 'நிலத்தின் அளவு' என்று அவள் வரைந்த கட்டத்தில் மனிதர் ஒன்பது என்று போட்டிருக்கிறார். பக்கத்தில் 'ஏக்கர்' என்று சாம்பல் நிறத்தில் கடுகளவு எழுத்தில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. அது கண்ணை உறுத்தக்கூடாது என்று அவ்வளவு வெளிறலாக எழுதியதும் அவள்தான். முதலில் ஏக்கரா, மாவா என்று தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் இருந்தது. ஒரு தொடுதல் குறைந்தால் நல்லது என்று பரணி சொன்னார். அவளும் சந்தோஷமாக எடுத்துவிட்டாள்.

உழவர் குழுவின் அலுவலகத்துக்கு அவள் போனபோது செயலாளர் பஞ்சநதம் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சாவித்திரி. நாலு மா குத்தகை நிலம், வரிசையில் கடைசி ஆள்.

"சனிக்கிழமைன்னு காட்டுதுங்க. நாளைக்குச் சாயங்காலம் மழைங்குறான். ஏற்கெனவே பாதி சாஞ்சு கெடக்கு. மழையில படுத்துச்சுன்னா மொளச்சுப் போயிரும், அப்புறம் அது நெல்லு இல்ல, நாத்தங்கால்தான்" என்றாள் சாவித்திரி.

"நான் என்னம்மா பண்றது? போன் போடுற வரிசை" என்றார் பஞ்சநதம். ஈர வயலில் இறங்குகிற பெல்ட் மிஷின் குழுவிடம் ஒன்றுதான் இருந்தது. வெளியே வாடகைக்கு எடுக்கலாமென்றால் இந்தத் தைக் கடைசியில் ஒரு மிஷின்கூடக் காலியில்லை.

அஃப்ரீன் வாசலுக்கு வந்து பட்டியலைத் திறந்து பார்த்தாள். மருதையன் நீங்கலாகப் பதின்மூன்று பேர் பாக்கி. எல்லோருக்கும் செயலி ஏக்கருக்கு ஒரு மணி என்று கணக்குப் போட்டிருந்தது. பாதிப் பேராவது மாவில் எழுதியிருந்தால் போதும், மிஷின் மணிக்கணக்கில் சும்மாதான் நிற்கும். பரணிக்குப் போன் போட்டாள்.

"எல்லாத்தையும் மூணால வகுத்துரு. சத்தமில்லாம முடிஞ்சிரும்" என்றார் அவர்.

"எல்லாரும் மாவுல போடலையே. நெஜமாவே அஞ்சு ஏக்கர் வச்சிருக்கறவரு அஞ்சுன்னுதானே போட்டிருப்பாரு? அவருக்கு ஒண்ணேமுக்கா மணி நேரம் குடுத்தா?"

"அப்போ இப்படியே விடு. வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்."

"நாளைக்கு மழை, பரணி."

"அஃப்ரீன், வியாழக்கிழமை நமக்கு எவ்வளவு முக்கியம்னு உனக்கே தெரியும். வர்றவங்க உழவர் குழுவுக்கு நேரா போன் பண்ணி விசாரிப்பாங்க. தப்புன்னு நம்ம வாயால ஒரு வார்த்தை வரக்கூடாது. எழுத்துல சுத்தமா வரக்கூடாது."

அவள் போனை வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். சாவித்திரி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, வேறு போக்கிடம் இல்லாதவளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஃப்ரீனுக்குத் தன்மீதே ஆத்திரமாக வந்தது.

"சார், வரிசை தப்பு. விவசாயிங்க மேல தப்பில்ல, நான் போட்ட கட்டம்தான் தப்பு" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள்.

பஞ்சநதம் குரலை உயர்த்தவில்லை. "நீ இந்தப் பக்கத்துப் பொண்ணுன்னாங்களேம்மா" என்றார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். பிறகு அவளைப் பூட்டை எடுக்கச் சொல்லி, ராஜ்குமாரைப் போனில் எழுப்பி மிஷினை அடுத்த வயலுக்கு விரட்டினார். "பதிமூணு பேரையும் கூப்பிடு. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள புது வரிசை வேணும்."

அவள் கூப்பிட்டாள். "ஐயா, நீங்க போட்டது ஏக்கரா, மாவா?" கேட்டதும் எதிர்முனையில் குரல் உஷாரானது. போட்டது போட்டதுதான் என்றார் முதல் ஆள். எதற்காக விசாரிக்கிறீர்கள் என்றார் இரண்டாவது ஆள். மூன்றாவது தியாகராசன். ஒன்பது என்று போட்டிருந்தவர், "ஆறு மாங்க, ஆறேதான். தப்பா போட்டிருப்பேன்" என்று மூச்சுவிடாமல் சொன்னார். நாலாவது ஆள் போனையே வைத்துவிட்டார். நாலு பேருக்கு முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. சொன்னது நிஜமா, பொய்யா என்று தெரியவில்லை. கேட்டதை எழுதிக்கொண்டாள்.

பெஞ்சிலிருந்த சாவித்திரிக்குப் பொறுக்கவில்லை. "பாப்பா, இப்புடிக் கேட்டா கணக்கெடுக்க வந்த ஆளுன்னுதான் நெனப்பாங்க. என்னைக் கேட்டா போன வருஷம் மிஷின் ஒரு மணி இருபது நிமிஷம் ஓடுச்சுன்னு சொல்லுவேன். ஒண்ணேகால்னு எழுதுடான்னேன், அந்த டிரைவர் முடியாதுன்னுட்டான். வரப்புல மணியப் பாத்துக்கிட்டே நின்னவளாச்சே நானு!"

மிஷினை மணிக்கணக்கில்தான் வாடகைக்கு எடுப்பார்கள். அதனால் நிமிஷம் உட்பட எல்லோருக்கும் மனப்பாடம். ஏக்கரும் வேண்டாம், மாவும் வேண்டாம். வேண்டியது நேரம், அதை அவர்களே வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமாக வரைந்து வரைந்து அழித்த அத்தனை திரைகளிலும் இந்த ஒரு கேள்வி இல்லை.

"ஐயா, போன வருஷம் உங்க வயல்ல மிஷின் எவ்வளவு நேரம் ஓடுச்சு?" என்று ஐந்தாவது ஆளிடம் கேட்டாள். ரெண்டு மணி பத்து நிமிஷம் என்று சட்டென்று பதில் வந்தது, கூடவே அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றிய புகாரும். மீதிப் பேரையும் இருபது நிமிஷத்தில் முடித்தாள். முதல் நாலு பேரை இதே மாதிரி திரும்பக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டபோது பரணி கூப்பிட்டார். பஞ்சநதம் அவருக்கே போன் போட்டு வறுத்தெடுத்திருக்கிறார்.

பேச்சு நீண்டது. வேலையை விட்டே போக நேரிடும் என்றார், உன்னை நம்பினேனே என்றார், கடைசியில் கெஞ்சவும் செய்தார். அவர் வைத்ததும் அவள் பட்டியலைத் திறந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் செயலிக்குள் நுழைகிற தன் கணக்கை முடக்கிவிடுவார் என்று தெரியும். அவசர அவசரமாகப் புது நேரங்களை ஏற்றி, எல்லாருடைய போனுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினாள். 'நேரம் கணக்கிட்டதில் பிழை. பிழை எங்களுடையது, உங்களுடையது அல்ல.' கீழே தன் பெயரும் போன் நம்பரும்.

பத்தாவது நிமிஷத்தில் கணக்கு முடங்கியது. வியாழக்கிழமை உனக்குப் பதிலாக மாலதி பேசுவாள், நீ வர வேண்டாம் என்று பரணியிடமிருந்து ஒரு வரி வந்தது. அஃப்ரீன் அதைப் படித்துவிட்டு, பஞ்சநதம் நீட்டிய டீயை வாங்கிக் குடித்தாள். புது வரிசையில் சாவித்திரிக்குப் புதன்கிழமை மூன்றரை மணி.

புதன்கிழமை எல்லாம் சொன்னபடி நடந்தது. ஒவ்வொரு வயலாக மிஷின் இறங்கி ஏறியது. அஃப்ரீனும் பஞ்சநதத்தின் வண்டியில் பின்னாலேயே போனாள். ஒன்றரை மணிக்குத் தியாகராசன் வயல். ஆறு மா, இரண்டு மணி நேரம். கிழக்கே வானம் கறுக்கத் தொடங்கியது.

மூன்றரை மணிக்கு ராஜ்குமார் மிஷினை வரப்போரம் நிறுத்தி எட்டிப் பார்த்தான். "நேரம் முடிஞ்சிருச்சு. ஆனா இன்னும் மூணு மா நிக்குது. ஒரு மணி நேரம் புடிக்கும். என்ன பண்ணட்டும்?"

ஆறு மா அல்ல, ஒன்பது மா. தான் திரும்பக் கூப்பிட மறந்த அந்த நாலு பேர் அஃப்ரீனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தார்கள். ஈரக்காற்று அடித்தது. ஐந்து மணிக்குள் மழை நிச்சயம். இங்கே முடித்துவிட்டுப் போனால் சாவித்திரியின் நாலு மா போச்சு. அங்கே போனால் இந்த மூன்று மா போச்சு.

பஞ்சநதம் அவளைப் பார்த்தார். "வரிசை போட்டது நீதான். சொல்லு."

சாவித்திரி பக்கத்து வரப்பில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். எனக்கு அனுப்புங்கள் என்று வாயைத் திறந்து கேட்கவில்லை. தியாகராசன் வயலுக்குள்ளிருந்து அறுத்துவிட்ட அரிதாள் மிதிபட அஃப்ரீனைப் பார்த்தபடியே நடந்து வந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் இதை ஒரு சாம்பல் நிறப் பட்டையாக வரைந்திருப்பாள், 'உங்கள் நேரம் முடிந்தது' என்று. எத்தனையோ முறை வரைந்ததுதான். இன்று வாயால் சொல்ல வேண்டும், அந்த ஆள் பக்கத்தில் வருவதற்குள்.

"சாவித்திரி அக்கா வயலுக்கு ஓட்டுங்க" என்றாள்.

மிஷின் திரும்பியது. தியாகராசன் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"ஆறுன்னு நாந்தானே சொன்னேன். ஒன்பதுன்னா கடைசிக்குத் தள்ளிருவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார் அவர். "யாரக் குத்தம் சொல்றது? என் வாயி."

"இல்லய்யா. பயப்படுற மாதிரி கேட்டவ நான். மத்தவங்களக் கேட்ட மாதிரி கேட்டிருந்தா நீங்க சரியாச் சொல்லியிருப்பீங்க. திரும்பப் போன் பண்ணணும்னு நெனச்சேன். பண்ணல."

இரண்டு பேரும் அறுபடாமல் நிற்கிற மூன்று மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வயலில் மிஷின் சுற்றிச் சுற்றி வந்தது. நாலே முக்காலுக்குச் சாவித்திரியின் வயலில் கடைசிச் சுற்று ஓடும்போது முதல் தூறல் விழுந்தது. ராஜ்குமார் முடித்துவிட்டு இந்தப் பக்கம் திருப்பத்தான் பார்த்தான். அதற்குள் கிழக்கிலிருந்து மழை வெள்ளையாக இரைந்துகொண்டு வந்துவிட்டது. கதிர்கள் முதலில் ஆடின, பிறகு வரிசை வரிசையாகப் படுத்தன. அஃப்ரீன் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தாள்.

தியாகராசன் ரோட்டோரம் கொட்டிக் கிடந்த தன் நெல்லை நோக்கி ஓடினார். படுதாவின் ஒரு முனையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக் கத்தினார்.

"நிக்காதம்மா, அந்த முனையப் புடி. அறுத்ததாவது நனையாம இருக்கட்டும்."