வடக்கு சாய்ந்த வீடு

தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்காக றாபியா அதன் தலையைப் பின்னால் சாய்த்தபோது, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசையில் திறந்து கிடந்த, திசை காட்டும் கொம்பஸ்கள் எல்லாம் ஒன்றாக முகத்தைத் திருப்பின. எண்ணெய்க் குப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தடுப்பு மார்பளவு உயரந்தான். எட்டிப் பார்த்தால் கணவன் நுஹ்மானின் மேசை முழுவதும் தெரியும். மெஷினை நிமிர்த்தினாள். வட்டத் தட்டுகள் தயங்கி, ஆடி, பழைய இடத்துக்கு வந்து நின்றன. மறுபடி சாய்த்தாள். மறுபடி திரும்பின, வாசலில் யாரோ வந்துவிட்டதைப் போல. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு போன ஞாயிற்றுக்கிழமை நுஹ்மான் கைக்குட்டையில் முடிந்து வைத்த பொருள் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுபோனது.

நுஹ்மானுக்கு மாத்தளை டவுனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கண்டிப் பக்கத்துக் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு போனபோது, அவர்கள் விட்டுப்போன சாமான்கள் சாக்குச் சாக்காகப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. பலாபத்வலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நாள், அப்படி ஒரு சாக்கிலிருந்து உருண்ட பித்தளைக் கொம்பஸ் ஒன்று அவன் கண்ணில் பட்டது. உள்ளே இருந்த வட்டத்தட்டில் எண்கள் எல்லாம் இடம்வலம் மாறித் திரும்பியிருந்தன, அச்செழுத்துகளைப் போலவே. பக்கத்தில் பொருத்தியிருந்த முக்கோணக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தால் அவை நேராகிவிடும். தொலைவில் உள்ள ஒரு மரத்தையோ மலையையோ மூடியில் இருக்கும் இழையோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டே, அது எந்தத் திசையில் எத்தனை பாகையில் நிற்கிறது என்றும் படிக்கலாம். நாள் முழுவதும் திரும்பிய எழுத்தையே படிக்கிறவனுக்கு, தன் பாஷை பேசும் ஆளைத் தூரத்து ஊரில் கண்டதுபோல் இருந்தது. அன்றிலிருந்து சேர்க்கத் தொடங்கினான். நசுங்கிய மூடியை மரச்சுத்தியலால் தட்டி எடுப்பான். களிம்பு பிடித்த பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காமல், மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டு மாதக்கணக்கில் துடைப்பான். அழிந்த எண்களை ஒற்றை மயிர்த் தூரிகையால் திருப்பியே எழுதுவான்.

அவற்றில் ஒன்றுதான் அவனுடைய உயிர். முந்தின யுத்தத்துக் காலத்தது. அதன் தட்டு முத்துச்சிப்பியில் செய்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பாலில் எண்ணெய் மிதப்பதைப்போல நிறம் மாறும். மூடியின் நடுவில் கட்டியிருந்த குதிரைமயிர் அறுந்து போயிருந்தது. கலியாணமான புதிதில் ஒரு மாலை, தலை சீவிக்கொண்டிருந்த றாபியாவின் பின்னால் வந்து நின்றான்.

“உன்ட தலைமயிர் ஒண்டு தாறியா? நரைக்காததாப் பாத்து.”

“அப்ப கொஞ்சம் தேடத்தான் வேணும்” என்றாள்.

இப்போது அந்தக் கொம்பஸில் உலகம் முழுவதையும் நடுவில் பிரித்துக் காட்டுவது அவளுடைய தலைமயிர்தான்.

றாபியா முப்பத்துநாலு வயது வரைக்கும் யட்டவத்தையில் கூடப்பிறந்த நானாவின் வீட்டில் இருந்தவள். ஊரில் பாதிக் கலியாணப் பெண்களின் உடுப்பு அவள் மெஷினில்தான் தைத்தது. ஆனால் அந்த மெஷினுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருக்கவில்லை. நடையில் கிடக்கும். “ஆள் வாராங்க, றாபியாட மெஷின கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளுங்க” என்று நானாவின் மனைவி, மச்சி மஸூதா, குரல் கொடுப்பாள். மஸூதா கெட்டவள் இல்லை. நடை ஒடுக்கம், அவ்வளவுதான். தள்ளித் தள்ளி சீமெந்துத் தரையில் இரண்டு கோடு விழுந்திருந்தது. நுஹ்மானைப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளையிடம் ஏதும் கேட்க வேண்டுமா என்று மச்சி கேட்டாள். வெளிச்சமான ஓர் இடத்தில் மெஷினை வைக்க வேண்டும் என்றாள் றாபியா. அந்தச் செய்தி போன மறு கிழமையே நுஹ்மான் தன் வீட்டின் ஒரே நல்ல ஜன்னலுக்கு நடுவே பலகைத் தடுப்பு அடித்துவிட்டான். பின்புறம் மலைச்சரிவு, அங்கே பகலிலும் இருட்டு. “வெளிச்சத்துல பாதி உனக்கு” என்றான், அவள் வந்து இறங்கிய நாளில். வாழ்க்கையில் யாரும் அவளுக்கு அப்படி ஒன்றைப் பங்கு பிரித்துத் தந்ததில்லை.

அவள் வந்த கையோடு மழைக்காலமும் தொடங்கியது; கொம்பஸ்களுக்கு நோயும் அப்போதுதான் வந்தது. ஜன்னலுக்கு நேரே எதிர்க்குன்றில் ஒரு ரப்பர்த் தொழிற்சாலையின் புகைபோக்கி நிற்கிறது. செப்பனிட்ட கொம்பஸ் எதையும் அவன் அந்தப் புகைபோக்கியில்தான் சோதிப்பான். எப்போதும் அறுபத்தெட்டுப் பாகை. இப்போது எதை எடுத்துப் பார்த்தாலும் எழுபத்தைந்து. இடுப்புப் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தான். சாவியைக் குசினியில் போட்டுவிட்டுப் பார்த்தான். கடைசியில் மேசையின் ஆணிகளையெல்லாம் பிடுங்கி மரமுளை அடித்தான். ஒரே இடத்தில் அடுக்கி வைத்ததால் காந்தங்கள் ஒன்றையொன்று கெடுத்துவிட்டன என்று முடிவு செய்தான். ஒன்றைப் பிரித்துக் காந்தம் ஏற்றப் போனதில், தட்டைத் தாங்கும் கடுகளவு கல் உடைந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை. கைக்குட்டையில் முடிந்து வைத்தது அதைத்தான்.

பூப்பின்னல் துணி போர்த்திய மெஷின் அவன் கண்ணுக்கு இரும்பாகத் தெரியவேயில்லை என்பது றாபியாவுக்கு இப்போது விளங்கியது. அது அவனுக்கு றாபியா.

சொல்லிவிட வேண்டியதுதான். சோறு போடும்போது வாயெடுத்தாள். ஆணம் நல்லா ஈக்குது என்றான் அவன்; அவள் இன்னும் ஓர் அகப்பைக் குழம்பு ஊற்றினாள், சொல்லவில்லை. அவன் கோபிப்பான் என்ற பயம் இல்லை. சொன்னால் அவன் ஒன்றும் பேசமாட்டான், தன் மேசையைத்தான் இருட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு போவான். கிழமை நாளெல்லாம் ஈய எழுத்துகளோடு கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவன் அங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பான்? அவனைப் போகவிடாமல் தடுக்க வேண்டுமானால் அவள்தான் மெஷினைத் தள்ள வேண்டும். அந்த இரண்டு கோடுகளை நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழையோடு மாடசாமி வந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கிறவன். துரைமார் பங்களாச் சாமான் ஏலத்துக்கு வந்தால் நுஹ்மானுக்குத் தகவல் கொண்டு வருகிற சிநேகிதன். கொம்பஸ்களுக்குக் காந்தம் ஏற்றுவதற்காகப் பழைய லொறி ஒன்றின் காந்தத்தைக் கோணித்துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். வாசலோடேயே நின்றான்.

“இத உள்ள கொண்டு வந்தா மத்ததெல்லாம் பைத்தியம் புடிச்சிரும் நானா. வெளியவே வைக்கிறேன்.” தலையைத் துவட்டிக்கொண்டு றாபியாவைப் பார்த்தான். “என்னாங்க தங்கச்சி, நீங்க வந்ததுலருந்து மனுசனுக்கு வடக்கு தெக்கு தெரியலயாமே?”

“அவன்ட பேச்சக் கேக்காத” என்றான் நுஹ்மான். முத்துச்சிப்பிக் கொம்பஸை எடுத்துத் துணியின் மேல் வைத்தான். விளிம்பு வளையத்தைத் திருகுகிற சின்னக் கருவியைக் கையில் எடுத்தான். அதன் முனையை வளையத்தின் பள்ளத்தில் வைத்துப் பொருத்தினான்.

“கொஞ்சம் ஈங்க” என்றாள். “தொறக்காதீங்க. அதப் பாத்துக்கிட்டே ஈங்க.”

தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, பூப்பின்னல் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மெஷினின் தலையை மெதுவாகப் பின்னால் சாய்த்தாள். அந்தப் பக்கம் முத்துச்சிப்பித் தட்டு முகத்தைத் திருப்பியது. நிமிர்த்தினாள். மறுபடி சாய்த்தாள்.

மாடசாமிதான் முதலில் பேசினான். “மேசையில ஆணியெல்லாம் புடுங்குனீங்களே நானா.”

நுஹ்மான் கருவியைக் கீழே வைத்தான். தடுப்புக்கு மேலாக மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான், முதல் தடவையாகப் பார்க்கிறவன்போல.

“எப்ப தெரியும்?”

“புதன்கிழம. எண்ண விடக்குள்ள.”

“இண்டைக்கு ஞாயிறு.”

“ஓ.” அவள் மெஷினை நிமிர்த்தி வைத்தாள். “உள்ளுக்குத் தள்ளுறேன். எனக்குப் பழக்கம்தான்.” குனிந்து மெஷினின் காலைப் பிடித்துத் தள்ளினாள். சில்லு கிறீச்சிட்டு ஒரு சாண் நகர்ந்து, நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் தடுப்பைச் சுற்றி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“விடு.”

“நீங்க அந்த இருட்டுக்கா போகப் போறீங்க?”

“விடு சொல்றேன்.”

ஒரு சாணும் திரும்பி வந்தது. சில்லுகள் முன்பு நின்ற அதே குழியில் நிற்கின்றனவா என்று அவன் குந்தியிருந்து பார்த்தான். பிறகு தன் பக்கம் போய், முத்துச்சிப்பிக் கொம்பஸைக் கண்ணுக்கு உயர்த்தி, மழைக்குள் மங்கிக் கிடந்த புகைபோக்கியைப் பார்த்தான்.

“எழுபத்தஞ்சு” என்றான். “கப்பல்ல முழுக்க இரும்புதானே. அது திருப்புறத அவங்க கணக்குல கழிச்சிப் போட்டுட்டுப் போறாங்க.”

“அப்ப தங்கச்சிக்கு ஏழு” என்றான் மாடசாமி வாசலிலிருந்து.

நுஹ்மான் ஜன்னல் கட்டையில் பேனாக்கத்தியால் ஓர் எண்ணைக் கீறத் தொடங்கினான். என்ன நினைக்கிறான் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைக்குட்டை முடிச்சு மேசை ஓரத்தில் அப்படியே கிடந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கண்டான், அதை நகர்த்தவில்லை.

“என்னத்துக்கு நிக்கிற?” என்றான், தலை நிமிராமல். “தையேன்.”

நாளைக்குக் கொடுக்க வேண்டிய கலியாணச் சட்டை ஒன்று இருந்தது. உட்கார்ந்து காலை வைத்தாள். பெரிய இரும்புச் சக்கரம் சுழன்றது. தைத்துக்கொண்டே பலகை இடுக்கின் வழியாகப் பார்த்தாள். அவன் மறுபடியும் கொம்பஸைக் கண்ணில் வைத்திருந்தான். அவள் மிதிக்க மிதிக்க முத்துச்சிப்பித் தட்டு மெல்லத் தலையசைத்துக்கொண்டேயிருந்தது. எண் நிற்காது, படிக்க முடியாது. கொஞ்சம் நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. புகைபோக்கியை நடுவில் பிரிக்கும் அந்த ஒற்றை மயிரில் கண்ணை வைத்தபடி காத்திருந்தான்.