வால்வு வைத்த பெட்டி

"உன் சீடியில் நாதஸ்வரம், தகரத்தை ஆணியால் கீறுற மாதிரி இருக்கு" என்று மச்சான் நல்லமுத்து விருந்தாளிகள் முன்னால் சொல்லிவிட்டார். என் மானமே போயிற்று.

சீடி பிளேயருக்கும் ஆம்பிளிபையருக்கும் நடுவே, பழைய ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு இரண்டு வைத்த சிறு பெட்டியை நானே செய்து மாட்டி, அவரை ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுக்கு மறுபடி அழைத்தேன். வால்வு சூடேறியதும் நாதஸ்வரம் கனிந்து வந்தது. மச்சான் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"பெயிண்ட் மட்டம்லா. ஸ்க்ரூகூட கோணல்."

என் நெஞ்சு நிமிர்ந்தது. துணிக்கடைக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். வாங்க வந்தவன்தான் சரக்கில் குறை சொல்வான்.

"சரி, என்ன விலைக்குத் தர்றே?" என்று கேட்டார் மச்சான்.

வாழ்நாளில் முதல்முறையாக, விலையும் சொல்லாமல், சரக்கையும் கொடுக்காமல் ஒரு வாடிக்கைக்காரரை அனுப்பிவைத்தேன்.